ஊரூர்க் கடற்கரைக்கு எலியட்டின் பெயர் எதற்கு?

சென்னையின் தென்பால், அடையாற்றுக் கழிமுகத்திற்கும் திருவான்மியூருக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் விடுமுறை நாள் மாலைதோறும் மக்கள் திரள்கின்றனர். அலையில் கால் நனைக்கின்றனர். சுண்டலும் வறுத்த மீனும் உண்கின்றனர். எங்குச் சென்று வந்தீர் என வினவின், 'எலியட்சு பீச்' என்பர். பெசண்டு நகரைப் 'பெசி' எனக் கொஞ்சும் இளைஞரும் உளர்.

யார் இந்த எலியட்டு? 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வெள்ளையராட்சியின் தலைமை நடுவராகவும் காவல்துறைக் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். தமிழ்க் கடலுக்கும் அவர்க்கும் வேறென்ன உறவு? இஃதொன்று போதாதென்று, 1970-களில் வீட்டுவசதி வாரியம் எழுப்பிய குடியிருப்பிற்கு அன்னி பெசண்டு அம்மையாரின் பெயர் வாய்த்தது. அவர் 1907 முதல் 1933 வரை அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர். அக்குடியிருப்பு எழுமுன்னரே ஆங்கே ஊரூர் இருந்தது. கட்டுமரமும் வலையுமாய் மக்கள் இருந்தனர்.

அயலார் பெயர் அனைத்தையும் அழித்தல் வேண்டுமென்பதன்று. ஒடுக்கப்பட்ட குழந்தைகட்குப் பள்ளி திறந்தவர் ஆல்காட்டு. அப்பள்ளி அவர் பெயரைத் தாங்குவது தகும். 1930 திசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தோரைக் காக்க முனைந்து உயிர்நீத்த மேலைநாட்டார் கார்ல் சுமித்து. மணலில் நிற்கும் அவர் நினைவுக் கட்டடம் என்றும் நிற்கட்டும். அவர் ஈந்தது உயிர். எலியட்டு ஈந்தது யாது?

கடற்கரைப் பொழுதுபோக்கை வெள்ளையனே கற்பித்தான் என மயங்குவோர், சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையைப் புரட்டுக. விழா முடிந்ததும் புகார் நகரமே கடலாடக் கரைக்குப் பெயர்ந்தது; கோவலனும் மாதவியும் புன்னை நிழலில் அமர்ந்து யாழ் மீட்டினர். அலை குவித்த மணல்மேட்டுக்கு எக்கர் என்றும், கரையோரச் சோலைக்குக் கானல் என்றும் பெயரிட்டவர் தமிழர். இன்றோ கானல் என்றால் கானல்நீர் ஒன்றே நினைவிற்கு வருகிறது! கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலன் தன் அகராதியில் ஏற்றிக்கொண்டான். அக் கட்டுமரம் ஒதுங்கிய கரைக்கோ தமிழன் ஆங்கிலப் பெயர் சொல்கிறான்.

பெயர் போனால் உரிமையும் உடன் போகும். எலியட்டின் கரையென எண்ணி வருவோனுக்கு, மணலில் உலரும் வலை இடையூறாகவும், குப்பம் என்னும் நற்றமிழ்ச் சொல் இழிசொல்லாகவும் தோன்றுகின்றன. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எதுவெனக் காற்றின் உடல்தொடுகையாலேயே உணர்பவர் அக் குப்பத்தார். 2004-இல் ஆழிப்பேரலை அடித்தபோது அதன் முதற்கொடுமையைத் தாங்கியவரும் அவர் போன்ற கரைவாழ் மக்களே. அவர்தம் ஊரின் பெயரால் அக்கரை வழங்கினால், வருவோர் தாம் விருந்தினர் என்பதையேனும் உணர்வர்.

1996-இல் மெட்ராசு சென்னையாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. மாநகராட்சி இக்கரையிலும் 'ஊரூர்க் கடற்கரை' எனப் பலகை நாட்டுதல் வேண்டும். அதற்குமுன், தமிழன்பர்கள் தம் மடல்களிலும் உரையாடல்களிலும், தானி ஓட்டுநரிடம் வழி சொல்லும்போதும் அப்பெயரையே வழங்குவாராக.