'சாப்பிட்டியா' என்று கேட்கும் கதாநாயகன்

என் அம்மா தையல் வேலை செய்து எங்களை வளர்த்தவர். பகலெல்லாம் பிளவுஸ் தைத்து, இரவில் சோறாக்கி, நானும் தம்பியும் தூங்கிய பிறகு, வாடகை நூலகத்தில் எடுத்துவந்த நாவலைப் பிரிப்பார். பெரும்பாலும் ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் என்பதால் அம்மாவுக்குப் படிக்கப் பஞ்சமே வந்ததில்லை. கல்லூரியில் சேர்ந்து நாலு முற்போக்குப் புத்தகம் படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன்: "எப்படிம்மா ஒரே கதையத் திரும்பத் திரும்பப் படிக்கிற?" அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இதுல ஒருத்தன் சாப்பிட்டியான்னு கேக்குறான்ல."

அந்தப் பதிலுக்கு இன்றும் என்னிடம் மறுபேச்சு இல்லை.

கதை நமக்குத் தெரிந்ததுதான். காயப்பட்ட இரண்டு பேர். அவளுக்குத் தாய் தந்தை இருக்கமாட்டார்கள், அல்லது நிச்சயித்த கல்யாணம் நின்றுபோயிருக்கும். அவனை ஒரு பெண் ஏமாற்றியிருப்பாள். அதனால் பெண்கள் எல்லோர் மீதும் வெறுப்பு. ஏதோ ஒரு கட்டாயத்தில் இருவருக்கும் கல்யாணம் நடக்கும். அவன் சந்தேகப்படுவான், வார்த்தையால் குத்துவான், சில கதைகளில் கையும் ஓங்குவான். அவள் பொறுத்துக்கொள்வாள். அவனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் நெற்றியில் ஈரத்துணி போடுவாள். அந்தத் தொடுதலில் அவன் உருகுவான். இன்று இதே கதை கைப்பேசிச் செயலிகளில் 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது.

தோழர்கள் பலர் இவற்றைக் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். ஒரு மனிதரை இன்னொரு மனிதர் அருவருப்பில்லாமல் தொட்டால் காயம் ஆறும் என்பது சின்ன விஷயமில்லை. பட்டால் தீட்டு என்று ஒரு பகுதி மக்களை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில் அது பெரிய விஷயம். அந்தத் தொடுதல் இந்தக் கதைகளில் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த நாவல்களில் சாதிப் பெயர் வராது. ஆனால் சாதி இருக்கும். 'நல்ல குடும்பத்துப் பெண்' என்ற சொல்லில் இருக்கும். பரம்பரைச் சொத்தில், பூஜையறையில், கதாநாயகியின் நிறத்தில் இருக்கும். காதலுக்குக் குறுக்கே பணம் வரும், பழிவாங்கல் வரும், யாரோ கிளப்பிவிட்ட சந்தேகம் வரும். சாதி மட்டும் வராது. நான் படித்த அத்தனை கதைகளிலும் காலனியிலிருந்து வந்த ஒரு கதாநாயகியை நான் பார்த்ததில்லை. அகமணம் என்ற வேலிக்கு உள்ளேதான் எல்லாக் காயமும் ஆறுகிறது. அந்த வேலியே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே விளக்கிவிட்டார்.

அம்மாவின் நாவல்களை நானும் ஒளித்துவைத்துப் படித்தே வளர்ந்தேன். அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன். வேலைக்குப் போன புதிதில் ஒருவரைக் காதலித்தேன். அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். நான் எந்தத் தெரு என்று சொன்ன அன்று, என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குச் சாதியெல்லாம் கிடையாது. வீட்ல மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்."

அந்த 'இப்போதைக்கு' நான்கு வருடம் நீண்டது. அவருடைய பயத்தை என் பொறுமையால் ஆற்றிவிடலாம் என்று நம்பினேன். நாவலில் அப்படித்தானே நடக்கும்? அவர் காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், என்னை நான்கு வருடம் மறைத்துவைத்திருப்பதும் ஒரு காயம்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கடைசியில் வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். என் அன்பில்தான் ஏதோ குறை என்று வெகுநாள் என்னையே நொந்துகொண்டேன். அவரிடம் இருந்தது மனக்காயம் மட்டுமல்ல, சாதியும்தான். அதற்கு ஒரு பெண்ணின் மடி மருந்தாகாது.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அவர் எழுந்து வந்ததை நாம் பார்த்தோம். தலைமுடியை வெட்டிக்கொண்டார், பறை கற்றார், பெற்ற தகப்பனுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறினார். 2017 டிசம்பரில் அந்தத் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இப்படி ஒரு காயத்தை எந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஆற்றுவீர்கள்? கூட நிற்கும் தோழமை வேண்டும், வழக்கு நடத்த ஆள் வேண்டும், நீதி வேண்டும்.

இரண்டு பேர் நெருங்கி இருக்கவும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை வேண்டும். நாவலில் அது ஊட்டி பங்களா. சாதி மறுத்துக் கல்யாணம் செய்தவர்களுக்கு அது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்காத ஒரு வீட்டுக்காரர். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. பாதுகாப்பு இல்லங்கள் பற்றியும் மாநிலங்கள் பரிசீலிக்கச் சொன்னது. அந்த இல்லமும், ஆணவக் கொலைக்கு எதிரான தனிச்சட்டமும் காதல் கதைக்கு வெளியே உள்ள விஷயங்கள் அல்ல. அவை இல்லாமல் எங்கள் கதையில் இரண்டாவது அத்தியாயமே கிடையாது.

சாதியை உள்ளே விட்டுக் காதலை எழுதியவர்கள் இருக்கிறார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. தருமபுரி இளவரசன் இறந்த அதே ஆண்டு. அதில் குமரேசனுக்கும் சரோஜாவுக்கும் நடுவே அத்தனை அன்பும் உண்டு. ஊர்தான் விடவில்லை. இப்படிப்பட்ட எழுத்து நமக்குத் தேவை. ஆனால் எனக்கு அது மட்டும் போதவில்லை. எங்கள் காதல் எழுத்தில் வரும்போதெல்லாம் சாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமா? வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு முத்தமும், வெளியே இருப்பவர்களுக்குத் தண்டவாளமும் என்று கதைகளும் பங்கு பிரிக்கலாமா?

சாதி ஒழிய உண்மையான மருந்து கலப்பு மணம் என்று 1936இல் அம்பேத்கர் சொன்னார். அந்த மருந்தைக் குடித்து, உயிரோடு இருந்து, வாடகை வீட்டில் சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ்கிறவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களுடைய கதைகள் வரவேண்டும். அதில் கதாநாயகன் 'சாப்பிட்டியா' என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டதை அவன் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

இளம் தோழர்களே, எழுதுங்கள். அம்மா இன்னும் இரவில் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.