கத்ரின் மீது பழி போடாதீர்கள்



"நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார். திடீரென வாதம் அடித்துவிட்டது. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்." பக்கவாதம் கண்ட வீட்டிற்கு நலம் விசாரிக்கச் செல்வோர் அனைவரும் கேட்டிருக்கும் சொற்கள் இவை. இவற்றின் கடைசி வாக்கியத்தை எந்த முஸ்லிமும் மறுக்க மாட்டான். முதல் வாக்கியத்தை நான் மறுக்கிறேன். அவர் நன்றாக இருக்கவில்லை. பத்தாண்டுகளாக அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரை அலமாரியில் இருந்தது. ஊறுகாய் தட்டில் இருந்தது. இம்மூன்றையும் அறிந்திருந்த குடும்பத்தார் இன்று கத்ரைச் சுட்டிக்காட்டுகின்றனர்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. உலக அளவில் பெரும்பான்மையானவை அடைப்பினால் வருபவை. உயர் இரத்த அழுத்தம் இவ்விரண்டிற்குமே வழி திறக்கிறது. ஆண்டுக்கணக்கில் குழாயின் சுவரைத் தடிக்கச் செய்கிறது, சிற்றிழைக் குழாய்களை நலிவுறச் செய்கிறது. அதனோடு சர்க்கரை நோயும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நிலை இருந்தாலோ, பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016இல் லான்செட் இதழில் வெளிவந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பக்கவாதங்களில் பத்தில் ஒன்பது பங்கிற்கு நம்மால் மாற்றவோ கட்டுப்படுத்தவோ கூடிய பத்துக் காரணிகளே பொறுப்பு என்று கணித்தது. அவற்றுள் முதலிடம் இரத்த அழுத்தத்திற்கு.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், அது வலிப்பதில்லை. "எனக்குத் தலை சுற்றவில்லையே, பிறகு எதற்கு மாத்திரை?" என்று கேட்பவர் அளந்து பார்த்தால் அல்லவா தெரியும்! அளவு சீரானதும் நோய் தீர்ந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவோர் இன்னொரு சாரார். அளவு சீரானதே அம்மாத்திரையால்தான்.

இனி உணவுக்கு வருவோம். பிரியாணியை ஹராமாக்க நான் எழுதவில்லை. என்றோ ஒரு நாள் வலீமாவில் உண்பதைவிட, அன்றாடம் நம் வீட்டுக்குள் நுழைவதே என் கவலை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்ட அளவு. காலையில் கருவாட்டுக் குழம்பு, மதியம் அப்பளமும் ஊறுகாயும், மாலையில் பேக்கரி பப்ஸ், இரவில் சால்னாவில் ஊறிய பரோட்டா என்றால் அந்தத் தேக்கரண்டி எந்த வேளையோடு தீர்ந்துபோகும்? "நாங்கள் இந்துப்புதான் சேர்க்கிறோம்" என்று பெருமிதம் கொள்வோருக்கு ஒரு சொல்: இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே.

"ஹலால்தானே சாப்பிடுகிறோம்" என்ற விடையும் வரும். திருமறை 2:168இல் அல்லாஹ் ஹலாலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். 7:31இல் உண்ணவும் பருகவும் அனுமதித்து, அதே மூச்சில் வீண்விரயத்தைத் தடுக்கிறான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழியைச் சஹனைச் சுற்றி அமர்ந்தபடியே நாம் பேசிக்கொள்கிறோம். பேசி முடிப்பதற்குள் இன்னொரு கரண்டி சோறு வந்து விழுகிறது. வேண்டாமென்று கைமறித்தால் விருந்தளிப்பவரின் முகம் சுருங்கும்! இந்த மரியாதைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் கொடுக்கும் விலை அதிகம்.

தவக்குல் என்றால் என்னவென்று உமர் (ரலி) அவர்களிடம் கற்போம். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு அவர்கள் பாதிவழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியை நோக்கியே செல்வதாக விடையளித்தார்கள். அழுத்த மாத்திரையும் அல்லாஹ்வின் விதியில் அடங்கியதே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக அது வாசல் தேடியே வருகிறது. ஆகவே வறுமையைக் காரணம் காட்டுவதும் முன்போல எளிதன்று.

ரமளான் வந்துவிட்டால், வேளைக் கணக்கு மாறுகிறதென்று மாத்திரையைத் தாமாகவே கைவிடுவோர் உண்டு. பலருக்கு மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றியமைக்க இயலும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இயலாத நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகை 2:184, 185 வசனங்களில் இருக்கிறது. அவன் தந்த சலுகையை மறுப்பது எவ்வகைப் பேணுதல்?

பக்கவாதம் வந்த பின்னரும் நம் அறியாமை ஓய்வதில்லை. புறாவை அறுத்து அதன் இரத்தத்தை மரத்துப்போன கைகால்களில் பூசும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஓதிப் பார்க்கட்டும், துஆச் செய்யட்டும். அதை ஆம்புலன்ஸில் செல்லும்போதும் செய்யலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது. அதற்கும் முன்பு, குழாய் அடைபட்டதா வெடித்ததா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் அறிய முடியும். ஆகவே வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.