யாருக்கு யார் வழிகாட்டி?

கடந்த ஆண்டு சென்னையில் ஒரு கல்லூரி நடத்திய 'அனைவருக்குமான வடிவமைப்பு'ப் போட்டிக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். ஒவ்வொரு மாணவர் அணிக்கும் அனுபவமிக்க வடிவமைப்பாளர் ஒருவர் மென்டார். ஓர் அணி தூய்மைப் பணியாளர்களின் கையுறையை எடுத்திருந்தது.

"கையுறை கொடுத்தாலும் அவங்க போடறதில்ல. அது பழக்கப் பிரச்சினை. விழிப்புணர்வுக்கு ஒரு ஆப் பண்ணுங்க" என்றார் மென்டார்.

அணியில் இருந்த மாணவி மெதுவாகச் சொன்னார்: "சார், எங்க அம்மா அந்த வேலைதான் பாக்குறாங்க. குடுக்குறது ஆம்பளைங்க சைஸு. விரல் நுனி தொங்கும், விளக்குமாறு பிடிக்க வராது. அதான் கழட்டிடுவாங்க."

"அது உன் பர்சனல் எக்ஸ்பீரியன்ஸ்மா. டிசைனர் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும்."

பிறகு, கற்பனையாக ஒரு பயனரை உருவாக்கச் சொன்னார். உருவாக்கினார்கள். பெயர் லட்சுமி, வயது 42. உயிரோடு இருக்கும் அம்மாவுக்கு இல்லாத இடம், காகித லட்சுமிக்குக் கிடைத்தது.

அவர் கெட்டவர் இல்லை. இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து, மாதிரி செய்வதையும் நடுவர்களிடம் பேசுவதையும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அந்தப் பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆகவே மென்டாரே வேண்டாம் என்பதல்ல என் வாதம். எந்த அனுபவம் நிபுணத்துவம், எந்த அனுபவம் வெறும் 'பர்சனல்' என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. இருபது வருடம் வரைந்தவர் நிபுணர்; இருபது வருடம் தெருவைக் கூட்டியவர் வெறும் 'பயனர்'. உழைப்பவரின் அறிவை அறிவென்றே ஒப்புக்கொள்ளாத இந்த வழக்கத்தை நமக்குப் பழக்கியது சாதிதான்.

இது புதிதும் அல்ல. 1958இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கை லோட்டா எனும் சொம்பை வியந்து கொண்டாடுகிறது. எவ்வளவு கொள்ளும், எப்படிச் சுமப்பது, கைக்கு எப்படி இருக்கும், என்ன விலை என்று கேள்விகளை அடுக்குகிறது. யார் அதைத் தொடலாம் என்ற கேள்வி மட்டும் பட்டியலில் இல்லை. பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்க 1927இல் மகாத்தில் அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்த நாடு இது. தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையும் ஒரு வடிவமைப்புதான். யாரை விலக்க வேண்டும் என்பதில் அதற்குக் குழப்பமே இருந்ததில்லை.

வேறு வழி இருக்கிறது. 'யுனிவர்சல் டிசைன்' என்ற கருத்துக்குப் பெயர் தந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், சிறுவயதில் போலியோ தாக்கி, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவரிடம் யாரும் 'தள்ளி நின்று பார்' என்று சொல்லியிருந்தால் இழப்பு உலகத்துக்குத்தான். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் ஹெலன் ஹாம்லின் மையம் 2000 முதல் நடத்திய போட்டியில், அனுபவமிக்க வடிவமைப்பு நிறுவனங்களோடு மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆய்வுப் பொருளாக அல்ல, குறை கண்டு சொல்லி வடிவமைப்பைத் திருத்துகிறவர்களாக.

நம் ஊர்ப் போட்டிகளிடம் நாம் கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு மென்டார்கள் வேண்டும்: ஒருவர் வடிவமைப்பாளர், இன்னொருவர் அந்த வேலையை அன்றாடம் செய்பவர். வடிவமைப்பாளருக்குத் தரும் அதே மதிப்பூதியம் தொழிலாளிக்கும் தரப்பட வேண்டும். ஒருநாள் கூலியை இழந்துதானே அவர் வருகிறார். நடுவர் மேசையில் அவருக்கும் நாற்காலி வேண்டும். வயது, பாலினம், உடற்குறை என்று நீளும் 'உள்ளடக்கல்' பட்டியலில் சாதியும் இடம்பெற வேண்டும்.

இவற்றைக் கேட்டால், 'டிசைனில் எதற்குச் சாதி அரசியல்?' என்பார்கள். பெண்கள் செய்யும் வேலைக்கு ஆண்கள் அளவில் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு, போடாதது அவர்கள் பழக்கம் என்று பழி சொல்கிறோமே, அது என்ன அரசியல்?

அந்த அணிக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது, செயலிக்காக. அந்த அம்மாவின் கையளவை அந்த இரண்டு நாளில் யாரும் கேட்கவில்லை.