சீப்பா ஒரு இன்ஜின்

"சார், பையன் ரிமோட் ப்ளேன் செய்யணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். பழைய குளோ இன்ஜின் ஒண்ணு சீப்பா வருது. வாங்கிடலாமா?"

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு அப்பா போனில் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருந்தால், இது உங்களுக்கும்தான்.

இன்ஜின் சீப்தான். அது என்ன குடிக்கும் என்று கேட்டீர்களா? மெத்தனால்! அதன் ப்ளக்கில் இருக்கும் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள், மெத்தனால் ஆவி பட்டால்தான் அணையாமல் கனன்று கொண்டிருக்கும். பெட்ரோல் ஊற்றினால் வேலைக்காகாது. எரிபொருளில் ஏறக்குறைய முக்கால் பங்கு மெத்தனால். மீதி ஆயிலும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும்.

மெத்தனால் என்றால் என்ன என்று கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அது கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைச் சாகடித்தது. உள்ளே போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கிற சரக்கு அது. 30 மில்லியே ஆளை முடித்துவிடலாம். 40 சைஸ் இன்ஜினின் டேங்க் சுமார் 240 மில்லி. பத்து நிமிஷம் பறக்க, ஐந்தாறு பேரைக் கொல்லும் அளவு விஷம்!

"நாங்க என்ன குடிக்கவா போறோம்?" என்பீர்கள். சரி, எங்கே வாங்கப் போகிறீர்கள்? தமிழ்நாட்டில் மெத்தனாலை விற்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். 1959-லிருந்தே விதிகள் இருக்கின்றன. லைசென்ஸ் கேட்காமல் உங்கள் பையனுக்கு ரெண்டு லிட்டர் ஊற்றித் தருகிற ஆசாமி, அடுத்து வருகிறவனுக்கும் கேட்காமல்தானே தருவான்? கருணாபுரத்துக்குப் போன வழியும் இப்படிப்பட்ட ஓட்டைகள்தான். அதில் இன்னொரு ஓட்டையை உங்கள் காசில் போடாதீர்கள்.

"அந்தச் சத்தமும் புகையும் இல்லாட்டி அது ப்ளேனா?" என்று சீனியர்கள் சண்டைக்கு வருவார்கள். கிளப், மைதானம், முறையான எரிபொருள் எல்லாம் உள்ளவர்கள் தாராளமாகப் புகை விடட்டும். முதல் ப்ளேன் செய்கிற பையனுக்கு அது எதற்கு? கள்ளக்குறிச்சியில் ஊசி திருகி டியூன் செய்த இன்ஜினைக் கல்வராயன் மலைக்கு எடுத்துப்போனால், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, எரிபொருள் அதிகமாகித் திணறும். மறுபடி திருக வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது விரலை வெட்டிக்கொள்ளாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

பட்ஜெட்தான் பிரச்னை என்றால் பிரஷ்லெஸ் மோட்டார் வாங்குங்கள். 2212 சைஸ், 1000 கேவி. கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியில், ப்ரொப்பல்லர் மாட்டாமல் ஓட்டினால் சுமார் 11,000 சுற்று. 10 அங்குல ப்ரொப்பல்லர், 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர் போதும். முக்கால் கிலோ தெர்மாகோல் ப்ளேன் ஜம்மென்று ஏறும். கேவி அதிகமானால் ப்ரொப்பல்லர் சின்னதாக வேண்டும். இதை மறந்தால் மோட்டார் புகையும்.

மோட்டாரில் மிச்சம் பிடித்த காசை நல்ல சார்ஜரில் போடுங்கள். லிப்போவும் சாது இல்லை. தப்பாக சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து சார்ஜ் செய்யுங்கள். ஆனால் அதை யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிக்க முடியாது.

கல்வராயன் மலை என்றாலே 'இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு' என்ற செய்தியைத்தான் படித்துப் பழகியிருக்கிறோம். வெள்ளிமலைப் பையன் ஒருத்தன் தானே செய்த ப்ளேனைப் பறக்கவிட்டான் என்று ஒருநாள் படிக்க ஆசை. அதன் டேங்கிலாவது மெத்தனால் இல்லாமல் இருக்கட்டும்.