நகரப் போக்குவரத்து யார் கையில்?

சொந்தக் கார் இனி வேண்டாம். கைபேசியில் அழைத்தால் வண்டி வாசலுக்கு வரும். பலர் பகிர்ந்து பயணம் செய்வதால் நெரிசலும் புகையும் குறையும் - இப்படி ஓயாமல் பிரசாரம் செய்தன டாக்ஸிச் செயலிக் கம்பெனிகள். நடந்தது என்ன?

அவை பிறந்த ஊரான சான்பிரான்சிஸ்கோவே பதில் சொல்கிறது. அங்கே 2010க்கும் 2016க்கும் இடையே நெரிசலால் வண்டிகளுக்கு ஏற்பட்ட தாமதம் 62 சதவிகிதம் உயர்ந்தது. செயலி டாக்ஸிகள் இல்லாதிருந்தால் அந்த உயர்வு 22 சதவிகிதத்தோடு நின்றிருக்கும் என்று 2019ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது.

காரணம் மர்மமானதல்ல. சவாரி தேடிக் காலி வண்டிகள் சுற்றுகின்றன. ஆளை ஏற்றி இறக்கத் தெருவோரத்தை அடைத்து நிற்கின்றன. பஸ்ஸில் போனவரும் நடந்து போனவரும் காருக்கு இழுக்கப்படுகிறார்கள். அமெரிக்கப் பெருநகரங்களில் இவ்வண்டிகளில் செல்வோரில் 100க்கு சுமார் 60 பேர், இவை இல்லாவிட்டால் பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளிலோ நடந்தோ போயிருப்பார்கள், அல்லது புறப்பட்டே இருக்கமாட்டார்கள் என்று 2018ல் புரூஸ் ஷாலரின் அறிக்கை காட்டியது.

அப்படியானால் விஞ்ஞானம்தான் குற்றவாளியா? இல்லை. 2015ல் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் லிஸ்பன் நகரை வைத்து, தானே ஓடும் கார்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டது. பலர் உண்மையாகவே ஒரே காரில் சேர்ந்து போய், மெட்ரோ ரயிலும் ஓடினால், பத்தில் ஒரு பங்குக் கார்களே போதும். மெட்ரோவை எடுத்துவிட்டு ஆளுக்கொரு சவாரியாக விட்டாலோ, கார்கள் ஓடும் தூரம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. கருவி ஒன்றுதான். அதை யார், எதற்காக இயக்குகிறார்கள் என்பதே பிரச்னை.

லாப வேட்டையில் தொழிலாளிக்கும் விடிவில்லை. டிரைவர்களைத் தொழிலாளிகளாகக் கருதவேண்டியதில்லை என்ற 22வது பிரேரணைக்காக, 2020ல் கலிபோர்னியாவில் இக்கம்பெனிகள் உணவு விநியோகக் கம்பெனிகளோடு சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின, வென்றன. பிரிட்டனிலோ டிரைவர்கள் விடாமல் வழக்காடினார்கள். ஊபர் டிரைவர்கள் குறைந்தபட்சக் கூலிக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் உரிய தொழிலாளர்களே என்று 2021ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதே டாக்ஸிகள் சென்னையிலும் கோவையிலும் ஓடுகின்றன. ஆகவே இந்தப் பாடம் நமக்கும் உரியது. பஸ்களைப் பெருக்கு! கம்பெனிகளின் பயண விவரங்களை நகர நிர்வாகத்தின் முன் வை! டிரைவருக்குத் தொழிலாளியின் உரிமையைக் கொடு! பஸ் பிரயாணியும் பஸ் தொழிலாளியும் டாக்ஸி டிரைவரும் இந்தக் கோரிக்கைகளுக்காக ஒன்றுபட்டுக் குரல் எழுப்ப வேண்டும். தெரு மக்களின் பொதுச் சொத்து. அதன்மீது ஏகபோகம் கொண்டாட எவருக்கும் உரிமை கிடையாது.