காடு பக்கத்தில்தான், நிழல் எங்கே?



"நமக்கு எதுக்கு மரம்? பக்கத்திலதானே வில்பத்து இருக்கு!" பள்ளிவாசல் வளவிலோ பாடசாலை வளவிலோ ஒரு வேம்பைத் தறிக்கப் பேச்செடுத்தால் முதலில் வருவது இந்த வார்த்தைதான். இதற்கு ஒருமுறையாவது பதில் சொல்லியாக வேண்டும்.

வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவானது. 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேல். ஆனால் அஸருக்குப் பிறகு நம் உம்மாமார் அதற்குள் போய்க் காற்று வாங்குகிறார்களா? அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. இரவில் அங்கிருந்து யானை வந்துவிடுமோ என்று தூக்கமும் கெடுகிறது. வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் பச்சை வேறு. உடம்புக்கு ஆறுதல் தரும் பச்சை வேறு.

உடம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். பயமோ கவலையோ வந்தால் கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் கூடும், பிரஷர் ஏறும். ஆபத்து நீங்கினால் இறங்கிவிடும். இறங்க நேரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் இதயமும் இரத்தக் குழாய்களும் தேயத் தொடங்கும். இந்தச் சேர்ந்த சுமைக்கு 1993இல் மெக்கியூன், ஸ்டெல்லர் என்ற ஆய்வாளர்கள் 'அலோஸ்டேடிக் லோட்' என்று பெயர் வைத்தார்கள். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல், இடுப்புச் சுற்றளவு போன்றவற்றைச் சேர்த்துத்தான் அதை அளக்கிறார்கள். நம் கிளினிக் கொப்பிகளில் எழுதியிருப்பதும் அதே கணக்குகள்தான்.

1984இல் ரொஜர் உல்ரிச் என்பவர் ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியின் பதிவுகளைப் பார்த்தார். பித்தப்பை ஒப்பரேஷன் செய்த 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றப் பாதிக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு போனார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பார்த்ததற்கே இப்படி என்றால், தினமும் நிழலில் இருப்பதை யோசியுங்கள்.

மரம் மாத்திரைக்குப் பதிலாகாது. கடனையும் அரிசி விலையையும் மீன்படாத நாளையும் வேம்பு தீர்க்காது. ஆனால் சூட்டைக் குறைக்கும், தூசியைப் பிடிக்கும், நாலு பேரை உட்கார்ந்து பேச வைக்கும். ஏறிய பிரஷர் இறங்க ஓர் இடம் தரும். காசில்லாதவனுக்கு ஏசி அதுதான்.

"சருகு விழுது, காகம் எச்சம் போடுது, வேர் மதிலை வெடிக்க வைக்குது" என்பார்கள். சருகைக் கூட்டலாம். கொப்பை வெட்டலாம். மதிலைத் திரும்பக் கட்டலாம். முப்பது வருட நிழலை எந்த ஹார்ட்வெயாரில் வாங்குவது? அந்த இடத்தில் பதிக்கும் இன்டர்லொக் கல் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, மஃரிபுக்குப் பிறகும் கக்குகிறது.

கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்ட வந்தபோது 2018லும் 2019லும் புத்தளமே வீதியில் இறங்கியது. வெளியார் நம் மண்ணைக் கெடுத்தால் அநியாயம், நம் நிர்வாகமே மரத்தைத் தறித்தால் அபிவிருத்தியா?

மரம் நடுவது ஸதகா என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அப்படியானால் நிற்கும் மரத்தைத் தறிப்பதற்கு என்ன பெயர்?

நாம் கேட்பது மூன்றுதான். பொது வளவில் ஒரு மரத்தைத் தறிக்க முன்னர் ஊரைக் கூட்டிக் கேளுங்கள், பெண்களையும் சேர்த்து. கல் பதித்தாலும் மரத்தடியில் மண்ணை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் நடந்துபோகும் பாதையில் வேம்பும் புங்கையும் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பொறுப்பு வையுங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைக் கேட்போம். நீங்களும் வாருங்கள்.