நாங்கள் ஓடினது காணும்

நான் ஓடத் தொடங்கிய முதல் மாதம். வாசலில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அப்பா கேட்டார்: "நாங்கள் ஓடினது காணும் எண்டுதானே பிள்ளை இங்க வந்தனாங்கள். நீ இப்ப என்னத்துக்கு ஓடுறாய்?"

பகிடியாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் 'ஓடினது' என்றால் ஒரே பொருள்தான். 1987இல் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அப்பம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போனது. அடுத்த வருடம் லண்டன். அதன்பிறகு பதினெட்டு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. நின்றே களைத்த ஒரு மனிதருக்கு, வேலை முடிந்து வந்து ஒருத்தி சும்மா ஓடுவது விளங்காததில் ஆச்சரியம் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்கவில்லை. நான் தொடங்கியது பயத்தில். 31 வயதில் இரத்தப் பரிசோதனை செய்தபோது சீனி எல்லையில் நிற்கிறது என்றார் டொக்டர். தெற்காசியர்களுக்கு இந்த வருத்தம் மற்றவர்களைவிட இளவயதிலேயே, உடம்பு பெருக்காமலே வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பொதுவாக 25 என்று சொல்லும் பி.எம்.ஐ. எல்லையை எங்களுக்கு 23 என்றுதான் இங்கே வைத்திருக்கிறார்கள். அன்றே 'கவுச் டு ஃபைவ் கே' செயலியை இறக்கினேன். ஒன்பது கிழமைத் திட்டம். முதல் கிழமையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. அந்த ஒரு நிமிடத்துக்கே நெஞ்சு அடைத்தது.

பயம் மூன்று கிழமைதான் தாங்கியது. அதற்குப் பிறகு என்னை ஓட வைத்தது இன்னொன்று. உங்களில் பலருக்கு அதுவும் நல்ல பழக்கம்: புள்ளி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கணக்கு டியூஷன், வயலின் கிரேடு, நடன அரங்கேற்றம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு தாள் கையில் வரவேண்டும். பொறியியலில் முதுமாணி முடித்து, பகலில் கம்பனிகளுக்கு டாஷ்போர்டு செய்து கொடுக்கிறவள் நான். கேட்கவா வேண்டும்? கார்மின் கடிகாரம் வாங்கினேன். ஸ்ட்ராவா. அது போதாதென்று ஒரு எக்செல். ஐந்து கிலோமீற்றர் 38 நிமிடத்திலிருந்து 29க்கு வந்தது. நண்பியின் நேரம் 27 என்று பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு முன்னங்கால் எலும்பில் நோ வந்தது. கிழமைக்குக் கிழமை தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டினால் வரும் நோ அது. பிஸியோ ஆறு கிழமை ஓடக்கூடாது என்றார்.

அந்த ஆறு கிழமையில் நான் எதைத் தேடினேன் தெரியுமா? எக்செல்லை அல்ல. நோர்த்தோல்ட் பக்கம் போகும் கிராண்ட் யூனியன் கால்வாயை. குளிர்காலக் காலையில் அங்கே கட்டியிருக்கும் ஒடுங்கிய படகு வீடுகளிலிருந்து வரும் கரிப்புகை மணத்தை. அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையை. இத்தனையும் பார்த்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். பார்த்தேன் என்றே தெரியாமல்.

திரும்பத் தொடங்கியபோது கடிகாரத்தை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வசனத்தில் கதைக்கக்கூடிய வேகம், அவ்வளவுதான். முதல் நாள் நாயோடு நடந்த ஒரு கிழவி என்னை முந்திக்கொண்டு போனார். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு கிழமையில் அது போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைச் சுமாராகச் செய்துகொண்டு சந்தோஷமாக இருந்தேன். 'நல்லாச் செய்யாட்டில் செய்யாதே' என்று எங்களை வளர்த்த முறையில் இதற்கு இடமே இருக்கவில்லை. அந்த வளர்ப்பு எங்களுக்கு வேலை எடுத்துத் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் சும்மா ஓடவும் அது சொல்லித்தரவில்லை.

தங்கச்சிமாருக்கு ஒன்று. 'இந்தக் காற்சட்டையோட றோட்டில ஓடுறியா' என்று கேட்கும் மாமிமார் எல்லா ஊரிலும் உண்டு, கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் நவம்பரில் நாலரைக்கே இருட்டும் ஊரில் தனியாக ஓடப் பயப்படுவது கோழைத்தனம் அல்ல. நான் குளிர்காலத்தில் மத்தியான இடைவேளையில் ஓடுகிறேன். சனிக்கிழமைகளில் பார்க்ரன்.

பார்க்ரன் 2004இல் இதே லண்டனில், புஷி பார்க்கில், 13 பேரோடு தொடங்கியது. ஐந்து கிலோமீற்றர், காலை ஒன்பது மணி, காசு இல்லை. கடைசியாக வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். ஆகவே நீங்கள் கடைசியாக வரவே முடியாது. நேரம் குறிப்பார்கள்தான். நான் இப்போது போய்ப் பார்ப்பதில்லை. (பொய். சிலவேளை பார்ப்பேன்.) எங்களுடையது நோர்த்தாலா ஃபீல்ட்ஸில். அங்கே தெரியும் நாலு குன்றுகளும் இடித்த பழைய வெம்ப்ளி மைதானத்தின் கற்களையும் சேர்த்துக் குவித்தவை.

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க அப்பா வந்தார். எழுபது வயதுக்காரர்கள் ஓடுவதைப் பார்த்தபடி நின்றார். நான் முடித்து வர, "நாங்களும் மரதன் ஓடினனாங்கள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மரதனாம். வல்வெட்டித்துறையிலிருந்து தொண்டைமானாறு வரை போய்த் திரும்புகிற கடற்கரை றோட்டு. பக்கத்தில் பெடியள் சைக்கிளில் தேசிக்காய்த் தண்ணியோடு வருவார்களாம். "போகேக்க கடல் வலப்பக்கம், வரேக்க இடப்பக்கம். வெறுங்கால்தான். திரும்பி வரேக்க காத்து முகத்தில அடிக்கும்." எத்தனையாவது வந்தீங்கள் என்று கேட்டேன். பழக்கதோஷம். "ஞாபகம் இல்லை" என்றார். கடல் எந்தப் பக்கம் என்பது ஞாபகம் இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஓட்டம் என்றால் 1987 என்றே நினைத்திருந்தேன். அதற்கு முன்னாலும் அவர் ஓடியிருக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. ஓடுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று கொண்டாட்ட வீடுகளில் சொல்லும் மாமாமாரும் அநேகமாக ஒரு மரதன் ஓடியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும்போது காரில் அப்பா கேட்டார்: "நடக்கிறதுக்கும் பதிய வேணுமோ?" அன்று பின்னேரமே பதிந்து பார்கோடு எடுத்துக் கொடுத்தேன். இப்போது பொக்கற்றில் தோடம்பழத்தோடு வந்து, தொண்டரோடு கதைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறார். இந்தக் கிழமை மழை என்று போட்டிருக்கிறது. அவர் நேற்றே மழைக்கோட்டு வாங்கிவிட்டார்.